கார் கதவுல வர்ற "கீச்" சத்தம்: பீடிங் ரப்பர் ஏன் கத்துது, எப்படி நிறுத்துறது

எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல ரோடுக்கும் பார்க்கிங்குக்கும் நடுவுல ஒரு சின்ன ராம்ப் இருக்கு, கொஞ்சம் கோணலா போட்டது. வண்டி வெளிய வரும்போது இடது முன் டயர் முதல்ல மேல ஏறும், வலது டயர் இன்னும் கீழயே நிக்கும், கரெக்டா அந்த நேரத்துல பின் கதவு பக்கத்துலேர்ந்து "க்ர்ர்ரீச்"னு ஒரு சத்தம் வரும். ரெண்டு மாசமா வந்துது. பின்னாடி உக்கார்ற அம்மா "என்னடா எலிக்குஞ்சு மாதிரி கத்துது, உள்ள ஏதாவது மாட்டிக்கிச்சா பாரு"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், சஸ்பென்ஷன் புஷ் போயிருக்குன்னு சொல்லி மாத்திக் குடுத்தாங்க, பணமும் போச்சு ரெண்டு நாளும் போச்சு, சத்தம் மட்டும் அப்படியே இருந்துது.

கடைசில தெரு முனைல டிங்கரிங் பட்டறை வச்சிருக்கிற அண்ணன்கிட்ட போனேன். அவரு பானட்டைக்கூட தொறக்கல. ஒரு துணிய பக்கெட் தண்ணில முக்கி, பின் கதவைத் தொறந்து, கதவு வந்து உக்கார்ற இடத்துல சுத்தி ஓடுதே கருப்பு ரப்பர், அதுமேல ஒரு இழுப்பு இழுத்தாரு, "தம்பி, இப்ப ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க"ன்னாரு. போனேன், சத்தமே இல்ல. "ஒண்ணுமில்ல தம்பி, ரப்பரு காஞ்சு போயி பாடில ஒட்டிக்கிது, வண்டி முறுக்கும்போது பிச்சிக்கிட்டு வருது, அதான் சத்தம்"னாரு. அந்த ஒரு வரிலயே முழு விஷயமும் இருக்கு. எனக்குப் புரிஞ்ச அளவுக்கு அதைத்தான் இங்க கொஞ்சம் விரிச்சு எழுதறேன். தேவையில்லாம புஷ்ஷு, லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர்னு மாத்திட்டு இருக்கிறவங்கள எனக்கே நாலு பேரு தெரியும்.

முதல்ல அந்த ரப்பர் என்னன்னு பாத்துடலாம். நம்ம ஊர்ல எல்லாரும் இதை பீடிங்னுதான் சொல்வாங்க, டோர் பீடிங், டோர் ரப்பர். கதவைத் தொறந்தா வண்டியோட பாடில கதவு ஓட்டையைச் சுத்தி ஒண்ணு மாட்டியிருக்கும், நிறைய வண்டில கதவு மேலயும் தனியா இன்னொண்ணு ஒட்டியிருக்கும். பாடில இருக்கிறதை லேசா இழுத்துப் பாத்தீங்கன்னா தெரியும், ஒரு பக்கம் கெட்டியா உள்ள இரும்புத் தகடு வச்சு, பாடியோட விளிம்பைக் கவ்விப் பிடிச்சிருக்கும், இன்னொரு பக்கம் உள்ள காத்து இருக்கிற குழாய் மாதிரி ஸ்பாஞ்சா இருக்கும். கதவு சாத்தும்போது அந்தக் குழாய்ப் பகுதி நசுங்கி இடைவெளிய அடைக்குது, மழைத்தண்ணி, தூசி, ஹாரன் சத்தம் எல்லாத்தையும் வெளியவே நிறுத்துது. பெரும்பாலும் இது இபிடிஎம்னு ஒரு செயற்கை ரப்பர்ல செய்யறாங்க, வெயிலையும் ஓசோனையும் நல்லாவே தாங்கும், அதனாலதான் பத்து வருஷ வண்டிலகூட பீடிங் வெடிக்காம கிழியாம இருக்கிறதைப் பாக்கலாம். ஆனா இந்த ரப்பருக்கு ஒரு பலவீனம் இருக்கு, பெட்ரோலியத்துலேர்ந்து வர்ற எண்ணெய் எதுவும் இதுக்கு ஆகாது, பட்டா ஊறி உப்பிடும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, எதைத் தடவலாம் எதைத் தடவக்கூடாதுன்னு பின்னாடி வரும்போது இதுதான் முக்கியம்.

சரி, ரப்பர் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் கத்துது?

வண்டியோட பாடி கல்லு மாதிரி அசையாம இருக்கும்னு நாம நினைக்கிறோம், அப்படி இல்ல. ஒரு டயர் மட்டும் மேட்டுல ஏறினா மொத்த பாடியும் லேசா முறுக்கிக்கும், ஈரத்துணிய ரெண்டு கையால பிழியற மாதிரி, ஆனா ரொம்ப ரொம்ப சின்ன அளவுல. கதவு தனி ஆளு, ரெண்டு கீல்லயும் ஒரு லாக்குலயும் தொங்கிட்டு இருக்கு, அது பாடி கூட சேந்து முறுக்காது. அப்ப கதவு ஓட்டை லேசா கோணலாகுது, கதவு கோணலாகல, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நகர வேண்டியிருக்கிறது இந்த ரப்பர்தான். நேரா ரெண்டு டயரும் ஒண்ணா ஏறி இறங்கற ஸ்பீடு பிரேக்கர்ல சத்தம் கம்மியா இருக்கும், கோணலா ஏறினா கூடுதலா இருக்கும், காரணம் இதான். எங்க ராம்ப் கோணலா இருந்ததுனாலதான் எனக்கு தினமும் ரெண்டு தடவை கேட்டுச்சு.

இப்ப நகர்றதுல என்ன சத்தம்? வீட்ல பீரோவ நகர்த்தியிருப்பீங்க. முதல்ல தள்ளும்போது அசையவே அசையாது, மொத்த பலத்தையும் போட்டுத் தள்ளினா சட்டுனு ஒரு முழம் போயிடும். நிக்கிற பொருளை அசைக்க வேண்டிய பலம் அதிகம், நகர ஆரம்பிச்சிட்டா கம்மி பலமே போதும். காஞ்ச ரப்பரும் இப்படித்தான். பெயிண்ட் மேல ஒட்டிக்கிட்டு நிக்கும், பாடி முறுக்க முறுக்க ரப்பர் இழுபடும், ஒரு கட்டத்துல தாங்காம சட்டுனு வழுக்கும், வழுக்கின உடனே திரும்ப ஒட்டிக்கும், திரும்ப இழுபடும், திரும்ப வழுக்கும். இது கண்ணுக்குத் தெரியாத வேகத்துல ஒரு செகண்டுக்குப் பல தடவை நடக்குது, அந்த அதிர்வுதான் நம்ம காதுக்கு கீச்சுனு வருது. மெதுவா நடந்தா கரகரன்னு கட்டில் முனகற மாதிரி கேக்கும், வேகமா நடந்தா கீச்சுனு கேக்கும், ரெண்டுக்கும் மூலம் ஒண்ணுதான்.

மார்கழில மயிலாப்பூர் பக்கம் ஏதாவது சபால முன் வரிசைல உக்காந்தீங்கன்னா கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வயலின் வாசிக்கிறவரு ஒரு சின்ன கட்டிய எடுத்து வில்லுல தேய்க்கிறதைப் பாக்கலாம். அது ராசின், குங்கிலியம் மாதிரி மரப்பிசின்ல செய்யறது. வில்லு தந்தில நல்லா ஒட்டணும், ஒட்டி ஒட்டி வழுக்கணும், அப்பதான் நாதம் வரும். வில்லுல பிசின் இல்லன்னா தந்தி மேல வழுக்கிட்டே போகும், சத்தமே வராது. கதவு பீடிங்லயும் இதே வேலைதான் நடக்குது, நாம மட்டும் தலைகீழா போகணும், ஒட்டவே விடாம வழுக்க விடணும்.

புது வண்டில ஏன் இந்தச் சத்தம் வர்றதில்லன்னா, கம்பெனிலயே பீடிங் மேல வழுக்கறதுக்குன்னு ஒரு மெல்லிசான கோட்டிங் குடுத்திருப்பாங்க, நிறைய வண்டில இருக்கும். வருஷக்கணக்குல கதவு சாத்திச் சாத்தி அது தேய்ஞ்சு போயிடும். நம்ம ஊர் நிலைமை அதை இன்னும் சீக்கிரம் தேய்க்குது. ஆற்காடு ரோடு, ஓ.எம்.ஆர்.னு மெட்ரோ வேலை நடந்த பக்கமெல்லாம் வருஷக்கணக்கா தினம் ஓட்டினவங்க வண்டிக் கதவைத் தொறந்து பீடிங் மடிப்புல விரலை விட்டுப் பாருங்க, சிமெண்ட் கலந்த சாம்பல் தூசி மாவு மாதிரி வரும். அந்த மண்ணு ஒவ்வொரு தடவை கதவு சாத்தும்போதும் உப்புத்தாள் மாதிரி தேய்க்குது. வண்டி தெருவுலயே வெயில்ல நிக்குதுன்னா ரப்பர் இன்னும் காஞ்சு போகும். பெசன்ட் நகர், திருவான்மியூர்னு கடல் பக்கம் இருக்கிறவங்களுக்கு உப்புக் காத்துல கீலும் லாக்கும் துருப்பிடிக்கிற தொல்லை வேற சேந்துக்கும்.

இதுல ஒரு விசித்திரமும் உண்டு. சிலருக்கு வாட்டர் வாஷ் பண்ணி வந்த மறுநாள்தான் சத்தம் ஆரம்பிக்கும், "வாஷ் பண்ணும்போது எதையோ கெடுத்துட்டாங்க"ன்னு கோவப்படுவாங்க. பாத்திரம் தேய்ச்சு முடிச்ச தட்டுல விரலை வச்சு இழுத்தா கீச்சுனு சத்தம் வரும்ல, அதேதான் இது. ஷாம்பு போட்டதுல ரப்பர்ல மிச்சமிருந்த வழுவழுப்பும் போயி, சுத்தமான ரப்பர் சுத்தமான பெயிண்ட்ல நல்லா கெட்டியா ஒட்டிக்குது. அதே மாதிரி மழை நாள்ல சத்தம் நின்னுபோயி வெயிலடிச்சதும் திரும்ப வந்தா, அது பீடிங்தான்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிடலாம், ஏன்னா தண்ணி தற்காலிகமா வழுக்க விடுது. பட்டறை அண்ணன் ஈரத்துணி போட்டது இதே கணக்குதான்.

இப்ப நான் ரொம்ப வலியுறுத்திச் சொல்ல வேண்டிய இடம் வந்துடுச்சு. எதையும் தடவறதுக்கு முன்னாடி சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிங்க. கதவுல சத்தம் போடறதுக்கு பீடிங் மட்டும் இல்ல, இன்னும் மூணு நாலு ஆளு இருக்கு. நின்ன வண்டில கதவைத் தொறந்து மூடும்போது முனகினா அது கீல், இல்லன்னா கதவை பாதில நிறுத்திப் பிடிக்கிற அந்தக் கைப்பட்டை, பீடிங் இல்ல. கண்ணாடி ஏத்தி இறக்கும்போது மட்டும் கீச்சுனா அது கண்ணாடி ஓடற சேனல் ரப்பர். ஓடற வண்டில, கதவெல்லாம் சாத்தியிருக்கும்போது, மேடு பள்ளத்துல மட்டும் வந்தாதான் பீடிங் மேல சந்தேகம், அப்பவும் இன்னொரு ஆளு மேல சந்தேகம் பாக்கி இருக்கும், அது லாக். பில்லர்ல, அதாவது கதவு வந்து சாத்தற பக்கம் தூண் மாதிரி நிக்கிற பாடிப் பகுதில, ஒரு இரும்பு வளையம் நீட்டிட்டு இருக்கும்ல, கதவு சாத்தினா லாக் அதைப் போயி கவ்வும், அதை ஸ்ட்ரைக்கர்னு சொல்வாங்க. அது காஞ்சு போனா இரும்பும் இரும்பும் உரசி "டக் டக்"னோ "கொர்ர்"னோ வரும், நாம பீடிங்னு நினைச்சு ஏமாந்துடுவோம்.

பிரிச்சுப் பாக்கறது ஈஸி. ஸ்ட்ரைக்கர் வளையத்துல எலக்ட்ரிகல் டேப் ஒரே ஒரு சுத்து சுத்தி ஓட்டிப் பாருங்க, சத்தம் போயிடுச்சுன்னா அதுதான் ஆளு, டேப்பை எடுத்துட்டு அங்க கொஞ்சம் வெள்ளை லித்தியம் கிரீஸ் வச்சா வேலை முடிஞ்சுது. போகலன்னா பெயிண்ட் கடைல கிடைக்கிற மாஸ்கிங் டேப் வாங்கி, பீடிங் வந்து அமுங்கற இடத்துல, அதாவது ரப்பர் மேல இல்ல, எதிர்ப்பக்கம் பெயிண்ட் மேல, ஒரு ஜாண் ஒரு ஜாணா ஒட்டி அதே ராம்ப்ல ஏத்தி இறக்குங்க. டேப்போட காகிதத்துல ரப்பர் அவ்வளவா ஒட்டாது. எந்த இடத்துல ஒட்டினதும் சத்தம் குறைஞ்சுதோ அதான் இடம். டேப்பை அன்னிக்கே உரிச்சிடுங்க, வெயில்ல விட்டா பசை பெயிண்ட்ல பிடிச்சுக்கும். கூட ஒருத்தர் இருந்தா இன்னும் சுலபம், நீங்க மெதுவா ஓட்டுங்க, அவங்க பின்னாடி உக்காந்து சத்தம் வரும்போது கதவோட மேல் மூலைய உள்ளங்கையால அழுத்தட்டும், அழுத்தினதும் சத்தம் மாறினா அந்தப் பக்கத்து பீடிங்தான். நானும் அம்மாவும் இப்படித்தான் கண்டுபிடிச்சோம், இடது பின் கதவு, மேல பின் பக்கத்து வளைவு, மொத்தம் அஞ்சாறு இன்ச் இடம்தான். அந்த இடத்துல பெயிண்ட்டை குனிஞ்சு பாத்தா மத்த இடமெல்லாம் மங்கலா தூசியோட இருக்க, அங்க மட்டும் ரப்பர் தேய்ச்ச ஒரு கோடு பளபளன்னு கண்ணாடி மாதிரி மின்னுச்சு. காஞ்ச கட்டைவிரலை அந்த ரப்பர் மேல அழுத்தி இழுத்தேன், அம்மா கேட்ட அதே எலிக்குஞ்சு சத்தம் குட்டியா வந்துது.

இடம் தெரிஞ்சாச்சுன்னா வேலை அரை மணி நேரம்தான். ஒரு மக்குல தண்ணி, அதுல ரெண்டு சொட்டு கார் ஷாம்பு, ஒரு மைக்ரோஃபைபர் துணி, ஒரு பழைய டூத்பிரஷ். பீடிங்கை மடிச்சு மடிப்புக்குள்ள இருக்கிற மண்ண பிரஷ்ஷால எடுங்க, அப்புறம் சோப்பு போக வெறும் தண்ணித் துணியால துடைங்க. நிறைய பேரு இதோட நிறுத்திடறாங்க, எதிர்ப்பக்கத்தை மறந்துடறாங்க. ரப்பர் போயி ஒட்டற பெயிண்ட் பக்கமும் அதே மாதிரி துடைக்கணும், பாதி அழுக்கு அங்கதான் இருக்கு. பெட்ரோல், தின்னர் எல்லாம் எடுத்துட்டு வராதீங்க, ரப்பருக்கும் ஆகாது பெயிண்ட்டுக்கும் ஆகாது. அப்படியே கதவோட அடி விளிம்புல சின்ன ஓட்டைங்க இருக்கும், கண்ணாடி வழியா உள்ள போற மழைத்தண்ணி வெளிய வர்றதுக்கு, அதுல மண்ணு அடைச்சிருந்தா ஒரு குச்சியால குத்தி விட்டுடுங்க, நவம்பர் மழைக்கு அது ரொம்ப அவசியம். துடைச்சதும் கதவைத் தொறந்து வச்சு நல்லா காய விடுங்க.

அடுத்தது தடவறது. தேவைப்படறது சிலிக்கான். ஸ்ப்ரேவா கிடைக்கும், கிரீஸாவும் கிடைக்கும், ஜி.பி. ரோடு பக்கம் கார் ஆக்சசரி கடைங்கள்ல கேட்டாலே குடுப்பாங்க, ஆன்லைன்லயும் இருக்கு. ஸ்ப்ரே தடவறது சுலபம், ஆனா நம்ம வெயிலுக்கு சீக்கிரம் போயிடுது, எனக்கு மாசம் ஒண்ணரை மாசம்தான் நின்னுது. கிரீஸ் தடவ நேரமாகும், ஆனா நாள்பட நிக்கும், அதனால என் ஓட்டு கிரீஸுக்குத்தான். ஹோண்டா வண்டிக்காரங்க பீடிங்குக்குன்னே ஷின் எட்சுன்னு ஒரு ஜப்பான் சிலிக்கான் கிரீஸ் பயன்படுத்துவாங்க, ட்யூப்ல வரும், விலை கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா ஒரு ட்யூப் வருஷக்கணக்குல வரும், ஏன்னா தடவற அளவு அவ்வளவு கம்மி. பட்டாணி அளவு எடுத்து துணில வச்சு, பீடிங் மேல கோடு மாதிரி இழுத்துட்டே போங்க. ரப்பர் லேசா கருமையா தெரியணும், பளபளன்னு எண்ணெய் வழியற மாதிரி தெரியக்கூடாது. பத்து நிமிஷம் விட்டு, வேற காஞ்ச துணியால மிச்சத்தைத் துடைச்சிடுங்க. துடைக்காம விட்டா தூசி அப்பிக்கும், அம்மா இறங்கும்போது புடவைலயும் பட்டுடும்.

ஸ்ப்ரேன்னா நேரா கதவுல அடிக்காம முதல்ல துணில அடிச்சு அதால தடவுங்க. சிலிக்கான் காத்துல பறந்து விண்ட்ஷீல்டுல பட்டா வைப்பர் போடும்போது மங்கலா கோடு கோடா தெரியும், பெடல் மேல பட்டா கால் வழுக்கும், பிரேக் டிஸ்க்ல பட்டா ஆபத்து. பெயிண்ட் அடிக்கப் போற வண்டின்னா டிங்கர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, சிலிக்கான் பட்ட இடத்துல புது பெயிண்ட் நிக்காம குழி குழியா விலகும், அவங்களுக்கு அது பெரிய தலைவலி.

எதைத் தடவக்கூடாதுன்னு தனியா சொல்லணும், ஏன்னா வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் இருக்கு. முதல்ல டபிள்யூடி-40, எல்லார் வீட்டு ஷெல்ஃப்லயும் நிக்குமே அந்த நீல மஞ்சள் டப்பா. 1953ல தண்ணிய விரட்டி துருப்பிடிக்காம தடுக்கறதுக்காகக் கண்டுபிடிச்சது, அந்தப் பேர்ல இருக்கிற 40 கூட நாப்பதாவது முயற்சில வந்த ஃபார்முலாங்கிறதுதான். இறுகின போல்ட்டுக்கு நல்லா உதவும், ஆனா அதுல இருக்கிறது பெட்ரோலிய எண்ணெய், நான் முதல்ல சொன்ன மாதிரி பீடிங் ரப்பருக்கு ஆகாது. அன்னிக்கு சத்தம் நிக்கும், போகப்போக ரப்பர் ஊறி தொளதொளத்துடும். அதே கம்பெனி சிலிக்கான் ஸ்ப்ரேன்னு தனி டப்பா விக்கிறாங்க, அது வேற, அது பரவாயில்ல, டப்பாவைப் படிச்சு வாங்குங்க. இன்ஜின் ஆயில், சேஸிஸ் கிரீஸ், வாசலின் மூணும் இதே காரணத்துக்காக வேணாம். தேங்காய் எண்ணெய் தடவறவங்களும் நிறைய, அது சிக்குப் பிடிச்சு, தூசி ஒட்டி, எறும்பையும் கூட்டிட்டு வரும். பவுடர் போடற வழக்கமும் இருக்கு, கேரம் போர்டுல பவுடர் போட்டா காய் எப்படி ஓடுது, அதே யோசனை, தப்பான யோசனை இல்ல, பஞ்சர் கடைல ட்யூபுக்கு பவுடர் தடவறதும் ரப்பர் ஒட்டக்கூடாதுன்னுதான். அவசரத்துக்கு ஒரு நாள் ரெண்டு நாள் தாங்கும், ஒரு மழை பெஞ்சா கரைஞ்சு வெள்ளை வெள்ளையா வழிஞ்சிடும்.

கண்ணாடி சேனலுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்க வெல்வெட் மாதிரி மயிர் ஒட்டின ரப்பர் இருக்கும், கிரீஸ் அதுக்கு ஒத்து வராது, அப்பிக்கிட்டு கண்ணாடிய கறையாக்கிடும். முதல்ல தண்ணி விட்டு மண்ண கழுவி, காஞ்சதும் சிலிக்கான் ஸ்ப்ரே ரொம்பக் கொஞ்சமா விட்டு கண்ணாடிய நாலஞ்சு தடவை ஏத்தி இறக்குங்க. மண்ணோட ஏத்தி இறக்கினா கண்ணாடில கோடு விழும், அது அப்புறம் போகாது. சன்ரூஃப் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு மண்டைக்கு மேல கரகரன்னு கேட்டா அங்கயும் சுத்தி பீடிங் இருக்கு, இதே சுத்தம் பண்ணி கிரீஸ் தடவற வேலைதான். டிக்கி கதவுக்கும் இதேதான், அங்க கூடுதலா ரெண்டு மூலைலயும் ரப்பர் குமிழ் இருக்கும், அதுவும் கத்தும், அதுலயும் ஒரு துளி.

இவ்வளவும் பண்ணியும் சத்தம் திரும்பத் திரும்ப ஒரு வாரத்துலயே வந்தா பீடிங்கோட உயிர் போயிடுச்சான்னு பாக்கணும். ஒரு பேப்பர் துண்டை பீடிங் மேல வச்சு கதவைச் சாத்தி, வெளியேர்ந்து இழுங்க. இறுக்கமா, ஒரு பிடியோட வந்தா நல்லாருக்கு. தொளதொளன்னு அப்படியே கைல வந்துட்டா அந்த இடத்துல ரப்பர் நசுங்கி தட்டையாயிடுச்சுன்னு அர்த்தம், மழை வந்தா அது வழியாத்தான் தண்ணி உள்ள வந்து ஃப்ளோர் மேட்டுக்கு அடில போகும். கதவைச் சுத்தி பத்து இடத்துல இப்படி இழுத்துப் பாருங்க. தட்டையான பீடிங்குக்கு கிரீஸ் தடவி பிரயோஜனமில்ல, மாத்திடணும். புதுப்பேட்டைல பழசு சல்லிசா கிடைக்கும், ஆனா பீடிங் மட்டும் பழசு வாங்காதீங்கன்னு சொல்வேன், அதுவும் யாரோ வண்டில பத்து வருஷம் நசுங்கினதுதான். உங்க வண்டி மாடலுக்கும் அந்தக் கதவுக்கும் உள்ளதையே கேட்டு புதுசா வாங்குங்க. கையாலயே மாட்டிடலாம், ஒட்டு வர்ற இடத்தை பழசுல எங்க இருந்துதோ அங்கயே, பெரும்பாலும் கீழ் விளிம்புல, வச்சு ஆரம்பிச்சு, மூலைங்கள முதல்ல உக்கார வச்சிட்டு அப்புறம் நேர்ப் பகுதிய உள்ளங்கையால தட்டிட்டே வாங்க, இழுத்துப் பிடிச்சு மாட்டாதீங்க, இழுத்தா ஒரு வெயிலுக்கப்புறம் சுருங்கி மூலைல தூக்கிக்கும். புது பீடிங் போட்ட முதல் கொஞ்ச நாள் கதவு சாத்தறதுக்கு கொஞ்சம் பலமா தள்ள வேண்டியிருக்கும், அது படிஞ்சதும் சரியாயிடும், அதுக்காக லாக்கைப் போயி யாரும் தளர்த்த வேணாம்.